டிரேடிங் கார்டு வெண்டிங் மெஷின் போடலாம்னு பாக்குறேன், மொத்தமா எவ்ளோ ஆகும்?

பாலா_ஃபிரிஸ்கோ

எல்லாருக்கும் வணக்கம். நான் டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோல இருக்கேன், ஐடி வேலை. பையனுக்கு பத்து வயசு, போக்கிமான் கார்டுன்னா சோறு தண்ணி வேணாம் அவனுக்கு. நாங்க வாராவாரம் காய்கறி வாங்குற கடை வாசல்ல போக்கிமான் கம்பெனியே வச்ச மெஷின் ஒண்ணு இருக்கு, பாதி நாள் போனா எல்லா வரிசையும் தீந்து போச்சுன்னு தான் காட்டும். ஒரு சனிக்கிழமை காலையில போனா ஏழெட்டு பேர் மடக்கு சேர் போட்டு உக்காந்திருக்காங்க, எவனாவது வந்து ரொப்புவான்னு. அத பாத்ததுல இருந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, நாமளே ஒண்ணு போட்டா என்னன்னு.

கையில 6,000 டாலர் இருக்கு, அதுக்கு மேல வீட்ல கேக்க முடியாது. பழைய ஸ்நாக்ஸ் மெஷின் ஒண்ணு 2,800க்கு பாத்து வச்சிருக்கேன், டச் ஸ்கிரீன் இல்ல, சுருள் கம்பி சுத்தி பொருள முன்னாடி தள்ளி விழ வைக்கிற சாதாரண காயில் மெஷின். பக்கத்துல முடி வெட்ற கடைக்காரர் இடம் தரேன்னுட்டாரு, விக்கிறதுல 15 பர்சன்ட் கேக்குறாரு. இது ஓடுமா? எனக்கு தெரியாத செலவு என்னென்ன இருக்கு? யாராச்சும் பண்றவங்க இருந்தா மறைக்காம சொல்லுங்க.

வரதன்_கேட்டி

தம்பி, நான் ஹூஸ்டன் பக்கம் கேட்டில ரெண்டு மெஷின் வச்சிருக்கேன், ஒண்ணு பவுலிங் சென்டர்ல, ஒண்ணு குட்டி மால்ல. ஒரு வருஷம் தாண்டிருச்சு. நீங்க கேட்டதால விவரமா எழுதுறேன், நான் ஆரம்பிக்கும்போது யாரும் எனக்கு இப்படி எழுதல.

மெஷின் விலைய பொறுத்தவரை நீங்க சொன்ன 2,800 நியாயமான விலை தான், பழசுல 1,500ல இருந்து 3,000 வரைக்கும் நானே பாத்திருக்கேன். கார்டுக்குன்னே டச் ஸ்கிரீன், லிஃப்ட் எல்லாம் வச்சு வர்ற புதுசுக்கு எனக்கு 5,500ல இருந்து 9,000 வரைக்கும் கொட்டேஷன் குடுத்தாங்க. லிஃப்ட்னா பாக்கெட்ட மேல இருந்து தொப்புன்னு கீழ விடாம ஒரு தட்டு போய் ஏந்திட்டு வரும். சிப்ஸுக்கு அது தேவையில்ல, ஆனா 50 டாலர் குடுத்து எலீட் ட்ரெய்னர் பாக்ஸ்னு பல பாக்கெட் சேந்த பெரிய பெட்டி வாங்குறவன் மூலை நசுங்கி வந்தா விடுவானா, உங்க நம்பருக்கு போன் தான்.

அடுத்து கொண்டு வந்து வைக்கிற கூலி. இத எல்லாரும் மறந்துடுவாங்க. மெஷின் 300 கிலோ சுமாருக்கு இருக்கும், உங்க எஸ்யூவில ஏத்த முடியாது, லிஃப்ட் கேட் வச்ச டிரக், பேலட் ஜாக், ரெண்டு ஆளு. எனக்கு 450 ஆச்சு, அதுவும் ஊருக்குள்ளேயே. முடி வெட்ற கடை வாசக்கதவ இன்ச் டேப் வச்சு அளந்தீங்களா? என் முதல் மெஷின் 39 இன்ச், கடைக் கதவு 36 இன்ச். மெஷினோட முன் கதவையே கழட்டி உள்ள கொண்டு போனோம், அன்னைக்கு ராத்திரி பதினொரு மணி ஆச்சு.

அப்புறம் காசு வாங்குற கிரெடிட் கார்டு ரீடர். பழைய மெஷின்ல நோட்டும் சில்லறையும் மட்டும் தான் வாங்கும், இன்னைக்கு எந்தப் பையன் கையில நோட்டு வச்சிருக்கான்? ரீடர் 350 கிட்ட ஆகும், மாசம் ஒரு பத்து டாலர் சந்தா, ஒவ்வொரு விற்பனைலயும் கிட்டத்தட்ட 6 பர்சன்ட் அவங்களுக்கு. இந்த 6 பர்சன்ட்ட இப்ப குறிச்சு வைங்க, பின்னாடி இதுக்கு வருவோம். டெக்சாஸ்ல எல்எல்சின்னு சின்னக் கம்பெனி ஒண்ணு பதிய 300. பொறுப்புக் காப்பீடு இல்லாம மால்காரன் உள்ளயே விட மாட்டான், எனக்கு வருஷம் 500 வருது. ஸ்டிக்கர், நல்ல பூட்டு, உள்ள எல்இடி இதெல்லாம் ஒரு 250. பூட்டுல மட்டும் கை இறுக்காதீங்க. பழைய மெஷினோட வர்ற பூட்டுக்கு ஒரே மாதிரி சாவி ஊர் முழுக்க இருக்கும், மொத வேலையா அத மாத்துங்க.

பாலா_ஃபிரிஸ்கோ

ரொம்ப நன்றிண்ணா. கூட்டிப் பாத்தேன், 2,800, 450, 350, 300, 500, 250, மொத்தம் 4,650. அப்ப சரக்குக்கு 1,350 மிஞ்சுது. 30 காயில்ல காயிலுக்கு எட்டு பாக்கெட்னா 240 பாக்கெட், ஒண்ணு அஞ்சரை டாலர்னா 1,320. சரியா வந்துருச்சு பாருங்க!

இன்னொண்ணு, ஆன்லைன்ல சீனாவுல இருந்து புத்தம் புது டச் ஸ்கிரீன் மெஷினே 1,900க்கு காட்டுதே, எதுக்கு பழச வாங்கணும்?

செல்வா_அட்லாண்டா

பாலா ப்ரோ, அந்த 1,900ல நான் விழுந்து எந்திரிச்சவன், அதனால சொல்றேன். அது அவங்க ஊர் துறைமுகம் வரைக்கும் உள்ள விலை. கப்பல் கூலி, மரப்பெட்டி, இங்க துறைமுகத்துல இறக்குற கூலி, கஸ்டம்ஸ் ஏஜென்ட், வரி, அங்கருந்து வீட்டுக்கு டிரக்னு போட்டு என் வாசலுக்கு வரும்போது 4,300. 2025ல அந்த இறக்குமதி வரி, டாரிஃப், எத்தனை தடவை ஏறி இறங்குச்சுன்னு உங்களுக்கே தெரியும், நான் ஆர்டர் போட்டப்ப சொன்ன வரி வேற, பெட்டி வந்து இறங்குனப்ப கட்டுன வரி வேற.

சரி வந்துருச்சேன்னு பாத்தா ரீடர் மாட்ட முடியல. இங்க ரீடரும் மெஷினும் பேசிக்கிறதுக்கு எம்டிபின்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, வித்தவன் இருக்குன்னான், திறந்து பாத்தா அந்த சாக்கெட்டே போர்டுல இல்ல. போர்ட மாத்தி அனுப்ப அஞ்சு வாரம். அதுக்கப்புறம் ஒரு மாலுக்கு கொண்டு போனா மெஷின்ல யூஎல் முத்திரை, அதாவது மின்சாரப் பாதுகாப்பு சோதிச்சு குடுக்கிற முத்திரை, இருக்கான்னு கேட்டாங்க, இல்லன்னதும் முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. இப்ப நண்பர் ஒருத்தர் கடையில இருக்கு. சீனா மெஷின் எல்லாமே மோசம்னு சொல்ல வரல, வாங்குறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும், எம்டிபி போர்டு போட்டோவும் யூஎல் சான்றிதழும், எழுத்துல வாங்காம பணம் அனுப்பாதீங்க.

வரதன்_கேட்டி

செல்வா சொல்றது அத்தனையும் உண்மை. ஆனா பாலா, மெஷின் விலையிலயே எல்லாரும் நின்னுடுறோம். மெஷின் ஒரு தடவை செலவு, அது பரவால்ல. என்னைய படுக்க வச்சது சரக்கு. நீங்க அஞ்சரை டாலர்னு போட்டீங்க பாருங்க, அந்த வரியில தான் இந்த வியாபாரம் உக்காந்திருக்கு.

ஒரு போக்கிமான் பூஸ்டர் பாக்கெட், அதாவது உள்ள என்ன கார்டுன்னு தெரியாம ஒட்டி வர்ற பாக்கெட், கம்பெனி போட்ட சில்லறை விலை 4.49. ஒரு பெட்டியில 36 பாக்கெட், அப்ப பெட்டி 161.64. டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட கணக்கு இருக்கிற கடைக்காரருக்கு அதே பெட்டி நூறு டாலர் சுமாருக்கு கிடைக்குது, பாக்கெட்டுக்கு 2.80ன்னு வைங்க. அந்தக் கணக்கு நமக்கு கிடைக்காது. பெரிய டிஸ்ட்ரிபியூட்டர்ங்க எல்லாம் தெருவுல கதவும் போர்டும் வச்ச கடை வேணும்பாங்க, கடை போட்டோ கேப்பாங்க, வாடகை பத்திரம் கேப்பாங்க. வெண்டிங் மெஷின்னதும் போன வச்சுடுவாங்க. கணக்கு இருக்கிற கடைக்கே கேட்டது கிடைக்காது, அலொகேஷன்னு சொல்லி இத்தனை பெட்டி தான்னு பங்கு போட்டுத் தான் தர்றாங்க. 2025 ஜனவரில பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ்னு புது போக்கிமான் கார்டு செட் வந்தப்ப எல்லாக் கடையிலயும் அடிதடி மாதிரி ஆச்சு, எனக்கு தெரிஞ்ச கடைக்காரர் கேட்டதுல கால்வாசி கூட வரல. அப்ப நாம எங்க வாங்குறது? வெளி மார்க்கெட்ல, வாங்கி மறுபடி விக்கிறவங்ககிட்ட, 5.50 குடுத்து.

இப்ப கணக்கு பாருங்க. உங்க மெஷின்ல 8 டாலர்னு வைக்கிறீங்க. டெக்சாஸ் விற்பனை வரி உங்க ஊர்ல 8.25, மெஷின்ல போடுற விலைக்குள்ளயே அது அடக்கம், அது 61 சென்ட். ரீடர் 6 பர்சன்ட், 48 சென்ட். முடி வெட்ற கடைக்கு 15 பர்சன்ட், 1.20. உங்க கைக்கு வர்றது 5.71. வாங்குனது 5.50. ஒரு பாக்கெட்டுக்கு 21 சென்ட்.

4,650 திரும்ப வரணும்னா இருபத்திரெண்டாயிரம் பாக்கெட் விக்கணும் தம்பி. பெட்ரோல், மாச சந்தா, ஒண்ணு ரெண்டு கிழிஞ்சு போறது எதுவும் சேக்காம.

அதே பாக்கெட் உங்களுக்கு 2.80க்கு கிடைச்சா மிஞ்சுறது 2.91, ஆயிரத்து அறுநூறு பாக்கெட்ல முதல் வந்துரும். மெஷின் அதே, இடம் அதே. சிப்ஸ், கோக் வைக்கிறவங்களுக்கு பாதிக்கு மேல லாபம், அதனால ரீடர்காரன் 6, இடத்துக்காரன் 15 எடுத்தாலும் தாங்குது. கார்டுல அந்த சதை கிடையாது, நம்ம வாங்குற விலையில எலும்பு மட்டும் தான்.

யாழ்_ஸ்காபரோ

வணக்கம். நான் கனடாவில ஸ்காபரோவில ஒரு மெசின் வைச்சிருக்கிறன், எட்டு மாசம் ஆகுது. வரதன் அண்ணை போட்ட கணக்கு இஞ்சையும் அப்பிடித்தான், இன்னும் கஷ்டம், எங்களுக்கு ஹெச்எஸ்டி எண்ட விற்பனை வரி 13 வீதம்.

நான் வேறையொண்டு சொல்லோணும், காயில் பற்றி. பாலா அண்ணை பாக்கிற மெசின் சிப்ஸ் பக்கெட்டுக்குச் செய்தது. சிப்ஸ் பக்கெட் காத்து அடைச்சு உப்பி இருக்கும், சுருள் வளையத்துக்குள்ள தானா நிமிர்ந்து நிக்கும். கார்ட் பக்கெட் மெல்லிசு, வழுக்கும். வளையத்துக்குள்ள வைச்சால் முன்னுக்கு சரிஞ்சு கண்ணாடியில சாயும், சுருள் சுத்தேக்க அதின்ர கம்பி நுனி பக்கெட்டின்ர மேல் மடிப்பைக் கொழுவிப் பிடிக்கும். முதல் கிழமை ஒரு பெடியன் காசு போட்டவன், பக்கெட் பாதியில தொங்குது. அவன் கண்ணாடியைத் தட்டுறான், நான் வீட்டில கமராவில பாத்துக்கொண்டிருக்கிறன். மனசே சரியில்லை, இறங்கி ஓடிப் போய் திறந்து எடுத்துக் குடுத்தன்.

பிறகு ஒவ்வொரு பக்கெட்டுக்குப் பின்னாலயும் அதே அளவுக்கு தடிச்ச மட்டை வெட்டி வைச்சன். 240 மட்டை, நானும் மனுசியும் இரண்டு இரவு இருந்து வெட்டினம். இப்ப கடினமான பிளாஸ்டிக் உறையில போட்டுத்தான் வைக்கிறன், ஒரு உறை 30 சதம் ஆகுது, அதையும் கணக்கில சேருங்கோ. அட்டை உறையோட வாற ஒற்றைப் பக்கெட் இருக்கெல்லோ, கடையில கொழுவி விக்கிறது, அது காயிலுக்கு நல்லாப் பொருந்தும். விழுகிறதைக் கண்டுபிடிக்கிற சென்சரும் கட்டாயம் இருக்கோணும், பொருள் விழேல்லையெண்டால் காசு தானா திரும்பிப் போகும். பழைய மெசினில அது இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ.

மீனா_ப்ளேனோ

நான் மெஷின் வைக்கிறவ இல்ல, வாங்குற பையனோட அம்மா. ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு.

போன மாசம் ஒரு மால்ல என் பையன் பிறந்தநாள் காச எடுத்துட்டுப் போனான், 40 டாலர். அங்க ஒரு தனியார் மெஷின்ல பாக்கெட் 12 டாலர். மூணு வாங்கினான், வீட்டுக்கு வந்து தான் அவன் ஃப்ரெண்ட் சொன்னான், இது 4.49க்கு போக்கிமான் கம்பெனி மெஷின்ல கிடைக்கும்டான்னு. அழல, ஆனா ராத்திரி படுக்கையில படுத்துட்டு நாப்பதுல எத்தனை வாங்கிருக்கலாம்னு விரல்ல எண்ணிட்டு இருந்தான். எனக்கு அது தாங்கல. இன்னொரு வரிசையில 25 டாலருக்கு மிஸ்டரி பாக்ஸ்னு ஒண்ணு, உள்ள என்ன இருக்குன்னே எழுதல.

நீங்க எல்லாம் கணக்கு போடுறீங்க, புரியுது, யாரும் நஷ்டத்துக்கு கடை வைக்க முடியாது. ஆனா மெஷின் முன்னாடி நிக்கிறது பெரும்பாலும் சின்னப் பசங்க. வெளியில 5.50க்கு வாங்கி 8க்கு வித்தா அந்தப் பாக்கெட்ட எடுத்து அடுக்கி வச்சு விலை ஏத்துறவங்களுக்குத் தானே போய்ச் சேருது அந்தக் காசு?

வரதன்_கேட்டி

மீனாம்மா, நீங்க கேட்டது சரியான கேள்வி. நானும் முதல் நாலு மாசம் 9 டாலருக்கு வித்தேன், அத ஒத்துக்கிறேன்.

4.49க்கே மெஷின்ல வித்தா என்ன ஆகும்னு போட்டுப் பாத்திருக்கேன். வரி 34 சென்ட், ரீடர் 27, இடத்துக்கு 67 போக 3.21. மொத்த விலை 2.80க்கு வாங்குனவனுக்கே 41 சென்ட் தான். வெளி மார்க்கெட்ல வாங்குறவனுக்கு பாக்கெட்டுக்கு ரெண்டு டாலருக்கு மேல கைய கடிக்கும். அதனால தான் தனியார் மெஷின் எதுலயும் அந்த விலைய பாக்க மாட்டீங்க. மிஸ்டரி பாக்ஸ் நான் வைக்கிறதில்ல. உள்ள இருக்கிறத எழுதாம அதிர்ஷ்டத்த விக்கிறது லாட்டரி பக்கம் போயிடும், வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டதுக்கு அத தொடாதீங்கன்னு சொன்னாரு. சொல்லலன்னாலும் நான் வச்சிருக்க மாட்டேன்.

சேது_டோக்கியோ

இந்தப் பக்கத்துல இருந்து ஒரு விஷயம் சேக்குறேன், ஏன்னா கார்டு மெஷின் இங்க ரொம்பப் பழசு. 1988ல பண்டாய் கம்பெனி கார்ட்டாஸ்னு ஆரம்பிச்சுது, 20 யென் காச போட்டு கைப்பிடிய திருகுனா ஒரு கார்டு வெளிய வரும். டிராகன் பால் கார்டு அதுல தான் பசங்க கையில போய்ச் சேந்துது. என் ஆபீஸ்ல நாப்பத்தஞ்சு வயசு ஜப்பான்காரர் ஒருத்தர் இன்னும் அந்த திருகுற சத்தத்த வாயால பண்ணிக் காட்டுவாரு. போக்கிமான் கூட 1998ல மெஷினுக்குன்னே தனியா ஷீட் போட்டுச்சு, கார்டு சேந்தாப்புல வரும், பிச்சு எடுத்துக்கணும்.

அந்த விலைக்கு எப்படி கட்டுப்படியாச்சுன்னு யோசிச்சா ரெண்டு காரணம். கரண்ட் வேணாம், ரீடர் வேணாம், வெறும் பல்சக்கரம். அதவிட முக்கியம், கார்டு அடிக்கிறவனே மெஷினுக்கும் அனுப்புறான். நடுவுல யாரும் இல்ல. அமெரிக்காவுல போக்கிமான் கம்பெனி 2017ல வாஷிங்டன் மாநிலத்துல மெஷின் வச்சுப் பாக்க ஆரம்பிச்சு இப்ப பல மாநிலத்துக்குப் போயிருக்குன்னா அதே கதை தான். சரக்கு அவங்களது, அதனால 4.49க்கு வித்தாலும் நிக்கும். நாம அதே மாதிரி பெட்டிய வாங்கி வச்சுட்டா அதே வியாபாரம் ஆயிடாது. இங்க இன்னைக்கும் அஞ்சு கார்டு பாக்கெட் 180 யென் தான் போட்ட விலை, அந்த விலைக்கு கிடைக்கிறது தான் குதிரைக்கொம்பு.

பாலா_ஃபிரிஸ்கோ

மூணு நாளா எல்லாத்தையும் திரும்பத் திரும்ப படிச்சேன். அந்த 21 சென்ட்ட நானே எக்ஸெல்ல போட்டுப் பாத்தேன், அப்படியே தான் வருது. என் மனைவிகிட்ட காட்டுனேன், அவ ஒண்ணும் சொல்லல, அந்த இருபத்திரெண்டாயிரத்த மட்டும் விரல வச்சு காட்டுனா. 2,800 மெஷின்காரர்கிட்ட ரெண்டு வாரம் டைம் கேட்டிருக்கேன்.

மீனா அக்கா, உங்க பையன் விரல் விட்டு எண்ணுனத படிச்சதும் என் பையன் தான் கண்ணுக்கு முன்னாடி வந்தான். 12 டாலருக்கு நான் விக்க மாட்டேன்.

அப்ப இத விட்டுடறது தானா, வேற வழி ஏதாச்சும் இருக்கா?

வரதன்_கேட்டி

விட வேண்டாம். தலைகீழா யோசிங்க. உங்ககிட்ட மெஷின் வாங்க காசு இருக்கு, சரக்கு இல்ல. சரக்கு யார்கிட்ட இருக்கு? உங்க ஊர் கார்டு கடைக்காரர்கிட்ட. அவர் கடை ராத்திரி எட்டு மணிக்கு மூடுறாரு, பவுலிங் சென்டரும் சினிமா தியேட்டரும் பன்னெண்டு வரைக்கும் இருக்கு. மெஷின் உங்களது, சரக்கு அவரது விலையில, லாபம் பாதிப் பாதி. என் மால் மெஷின் ஏழு மாசமா இப்படித் தான் ஓடுது, இப்ப பாக்கெட் 5.99.

இன்னொண்ணு, நாலு வரிசைய கார்டுக்கு ஒதுக்குனா ரெண்டு வரிசைய கார்ட பத்திரமா வைக்கிற ஸ்லீவ் (மெல்லிசு உறை), டாப்லோடர் (கெட்டி உறை), சின்ன பைண்டர்னு வைங்க. இதுக்கு அலொகேஷன் தொல்லை கிடையாது, கடை இல்லாதவனுக்கும் மொத்த விலைக்கு கிடைக்குது. எனக்கு மாச லாபத்துல பாதிக்கு மேல அதுல தான். பாக்கெட்ல நல்ல கார்டு விழுந்த பையன் அதே இடத்துல நின்னு ஸ்லீவ் தேடுவான், நேர்ல பாத்திருக்கேன்.

வெளிய மட்டும் வைக்காதீங்க. நம்ம டெக்சாஸ் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஃபாயில் கார்டு வளைஞ்சு வில்லு மாதிரி ஆயிடும். கராஜ்லயும் சரக்கு போடாதீங்க, வீட்டுக்குள்ள அலமாரில வைங்க. கேமரா இருக்கிற, ஆள் நடமாட்டம் இருக்கிற இடமா பாருங்க. 2021ல விஸ்கான்சின்ல கார்டுக்காக கடை வாசல்ல துப்பாக்கிய எடுக்கிற அளவுக்குப் போயி டார்கெட் சூப்பர்மார்க்கெட்காரங்க கொஞ்ச நாள் கடையில கார்டு விக்கிறதையே நிறுத்துனாங்க. இது சிப்ஸ் மெஷின் இல்ல.

பாலா_ஃபிரிஸ்கோ

அப்டேட் குடுக்கலாம்னு வந்தேன். நாலு கடை ஏறி இறங்கினேன், மூணு பேர் முடியாதுன்னாங்க. நாலாவது கடைக்காரர் வியட்நாம்காரர், வயசானவர், வாரக்கடைசில பசங்களுக்கு இலவசமா கார்டு ஆட்டம் சொல்லித் தர்றவரு. ஒரு மணி நேரம் பேசுனோம். அவர் கடைக்கு ரெண்டு கதவு தள்ளி ஒரு குட்டி கேம் ஆர்கேட், அவரோட மச்சான் நடத்துறாரு, இடத்துக்கு காசு வேணாம், கூட்டம் வந்தா போதும்னாரு.

5.99க்கு கணக்கு போட்டோம். வரி 46, ரீடர் 36 போக 5.17, அவர் விலை 2.80 போக 2.37, ஆளுக்கு 1.18. நாளுக்கு பத்து பாக்கெட் போனா என் 4,650 திரும்ப பதிமூணு மாசம் ஆகும். ஸ்லீவ் வரிசை அதுக்கு மேல. பெருசா ஒண்ணும் இல்ல தான், ஆனா கண்ணுக்கு தெரியிற கணக்கா இருக்கு. அவர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு, ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துல ரெண்டு பாக்கெட் தான். அத எப்படி பழைய மெஷின்ல செட் பண்றதுன்னு தெரியல, ரீடர்ல ஏதாச்சும் வழி இருக்கா? மீனா அக்கா, ஃபிரிஸ்கோ பக்கம் வந்தா பையன கூட்டிட்டு வாங்க.

ஆர்கேட் கதவ அளந்துட்டேன் வரதண்ணா, 42 இன்ச்.

யாழ்_ஸ்காபரோ

நல்ல செய்தி அண்ணை. ரீடரில இல்லை, மெசினின்ர சர்வீஸ் மெனுவில தேடிப் பாருங்கோ, சில மொடலில ஒரு விற்பனைக்கும் அடுத்ததுக்கும் இடையில நேரம் வைக்கலாம். மொடல் நம்பரையும் உள் போர்டின்ர படத்தையும் போடுங்கோ, பாத்துச் சொல்லுறன். மட்டை வெட்டிற அளவும் வேணுமெண்டால் அனுப்பிறன்.